மண்ணெண்ணெயில் அலசிய காகித ஃபில்டர்

அண்ணனின் பிக்கப் ராணுவ ஏலத்தில் எடுத்த பெட்ரோல் வண்டி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், திருவள்ளூரிலிருந்து தினமும் சிமெண்ட் ஏற்றிப் போனோம். பேட்டைக்குள் தார் கிடையாது, செம்மண்தான். முன்னால் ஒரு லாரி போனால் நம் எஞ்சின் குடிப்பது பாதி மண். ஏற்கெனவே ஒருமுறை எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தாகிவிட்டது. இன்னொரு முறை எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. வண்டியில் இருந்தது எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் ஃபில்டர். வரும் காற்று மண்ணை எண்ணெயில் விட்டுவிட்டுப் போகும். காகித ஃபில்டர் பொடித் தூசியையும் பிடிக்கும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஒரு கார் ஃபில்டரை டப்பாவோடு வாங்கி, எங்கள் வண்டிக்குப் பொருந்தும்படி தகரக்காரரிடம் அதற்கு ஒரு கழுத்து ஒட்டவைத்து மாட்டினேன்.

எங்கள் டிரைவர் பெரியபாளையத்துக்காரர். தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, அப்பளம் மாரி கீது" என்றார். ஆனால் பத்து நாள் கழித்து கார்புரேட்டர் வாயை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருந்தது. அதை எல்லாரிடமும் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை டிரைவர் வண்டி கழுவும் நாள். கழுவிக் குங்குமம் வைக்காமல் சனிக்கிழமை சாவி போடமாட்டார். கிண்ணத்தை அலசும் வழக்கப்படியே காகிதத்தையும் மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் உலர்த்தி மாட்டிவிட்டார். நான் கல்லூரியில் இருந்தேன்.

மறுநாள் கல்லூரி இல்லை; அண்ணனோடு நானும் வண்டியில் போனேன். கவரைப்பேட்டை அருகே வண்டி கரும்புகை கக்கி நின்றது. டப்பாவைத் திறந்தேன். காகித மடிப்புகள் ஊறி, காற்று நுழைய வழியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"வாரா வாரம் கயுவுறதுதானே தம்பி. நீ ஒரு வார்த்த சொன்னியா?" என்றார் டிரைவர்.

ஃபில்டர் இல்லாமலே ஓட்டலாமா என்று அண்ணன் கேட்டார். கொத்தனார்கள் சிமெண்டுக்குக் காத்திருந்தார்கள். தார் ரோட்டில் மெதுவாகப் போகலாம், செம்மண்ணில் ஒரு அடிகூட வேண்டாம் என்றேன். பேட்டை முனையில் வண்டியை நிறுத்தி, ஒரு மாட்டுவண்டி பிடித்து மூட்டைகளை மாற்றினோம். நானும் சுமந்தேன். அன்று அண்ணன் திட்டவில்லை, ஒன்றே ஒன்று சொன்னார்:

"இன்னா வேணா மாட்டு. ஆனா கயுவுறவருகிட்ட சொல்லிட்டு மாட்டு."

ஞாயிற்றுக்கிழமை டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்ப மாட்டினேன். அதன் வாயிலிருந்து ஒரு குழாயை, புழுதி குறைவான உயரத்துக்கு, கூரைக்கு மேலே ஏற்றினேன். குழாய்க்கும் ஒரு பொட்டு வைத்தார் அவர். அந்தக் கோடை முழுக்க எஞ்சினைப் பிரிக்கவில்லை.