வெல்டிங் வகுப்பில் இரண்டு வெடிக்காரிகள்

தையல் வகுப்பு கேட்டுத்தான் போனேன். அரசாங்கம் இலவசமாக நடத்துகிற பயிற்சி. தையலில் இடம் நிறைந்துவிட்டது, வெல்டிங்கில்தான் இருக்கிறது என்றார் விருதுநகர் அலுவலகத்து அம்மா. அதோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் பஸ் ஏறியிருப்பேன். "பொம்பளைக யாரும் அதுல சேர மாட்டாகம்மா" என்று வேறு சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "என் பேர எழுதுங்க" என்றேன். துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டுக்காரியின் பேரையும் அவளைக் கேட்காமலே எழுத வைத்தேன். முறைக்கு நாங்கள் ஒருத்திக்கொருத்தி மதினி. பஸ்ஸில் எங்கள் ஊர் விஸ்வநத்தம் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் இருவரும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தவர்கள். அந்த அறையில் எதையும் தரையில் இழுக்கக் கூடாது, போடக் கூடாது. தப்பித் தவறி ஒரு பொறி கண்ணில் பட்டால் கையில் இருப்பதை விட்டுவிட்டு ஓட வேண்டும். என்ன ஏது என்று நின்று பார்க்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

முதல் நாள் வாத்தியார் வெல்டிங் ராடை இரும்பில் லேசாகத் தொட்டுக் காட்டினார். பொறி பறந்தது. அவர் முகமூடியைத் தூக்கிப் பார்க்கும்போது நாங்கள் இருவரும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.

"எங்கக்கா கிளம்பிட்டீக? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் பாவம்.

போகப் போக ஓட்டம் குறைந்தது. ஆனால் முழுசாக நின்றபாடில்லை. பாதி வெல்டிங்கில் கால் தானாகத் திரும்பிவிடும். கடைசியில் பரீட்சை வந்தது. தேறினால் விருதுநகரில் ஒரு கிரில் பட்டறையில் வேலை. தேறாவிட்டால் தீபாவளி சீசனுக்குத் திரும்பவும் அதே மருந்து அறைதான். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மகள், "சாயங்காலம் வந்துருவல்லம்மா?" என்று கேட்பாள். வந்துருவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். இனி அந்த அறைக்குள் கால் வைக்க எனக்கு மனசே இல்லை.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ராடை இரும்பில் தொட்டேன். பொறி பறந்ததுதான் தெரியும். எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"இன்னொரு தடவை பாருங்கம்மா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் அவர்.

எனக்கு அழுகை முட்டியது. மதினி வந்து தோளைப் பிடித்தாள். "நான் வாசல்ல நிக்கேன். ஓடணும்னா நானே சத்தம் கொடுப்பேன். அதுவரைக்கும் நீ தலையத் தூக்காத."

கம்பெனியிலும் வாசல் பக்கம் உட்காருகிறவள்தான் சத்தம் கொடுப்பாள். அவளை நம்பித்தான் மற்றவர்கள் குனிந்து வேலை பார்ப்பது. அந்த நம்பிக்கையில் முகமூடியை இறக்கினேன். பொறி பறந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனேன், வரவில்லை. அப்படியே ஓரம்வரை ஒட்டி முடித்தேன். அதிகாரி சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"பாஸும்மா" என்றார்.

மதினியிடம் சொல்லத் திரும்பினேன். வாசலில் ஆளைக் காணோம். தெரு முக்கு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தம் கொடுக்கேன்னியே மதினி?"

"பொறியப் பாத்ததும் ஓடியாந்துட்டேன். நெனப்பு வரும்போது இங்கன நிக்கேன்."

அவளை அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அடுத்து அவள் முறை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் விட்டுவிட்டு நான் வாசலில் நின்றேன். பொறி என் காலடிவரை வந்து விழுந்தது. உள்ளங்கால் குறுகுறுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்து முகமூடியைத் தூக்கியதும் அவள் இரும்பைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தாள்.

"ஆத்தி, நெசமாவே நிக்கியே மதினி" என்றாள்.