கொண்டைப் பூவுக்குப் பின்னால்

செஞ்சிக் கடைத்தெருவில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் சிவசங்கருக்கு உலகத்தில் யார் எடுத்த படமும் ஆகாது. கல்யாண ஆல்பத்தை நீட்டினால் முகங்களைப் பார்க்க மாட்டான். எந்த மூலை மங்கலாக இருக்கிறது என்று தேடுவான். போனில் எடுத்ததென்றால் கையிலேயே வாங்க மாட்டான். "இதெல்லாம் படமா? சென்சாரு நகக்கண்ணு அளவுதான் இருக்குது" என்பான். கேட்டுக் கேட்டு அவன் மனைவி ரஞ்சனிக்குக் காது புளித்துவிட்டது.

சரி, இந்த மகராசன் எடுத்த படம் எங்கே என்று கேட்டுவிடக் கூடாது. எந்தக் கேமரா வாங்குவது என்று ஒரு வருஷம் பார்த்தான். வாங்கியதும் அது சரியில்லை என்று விற்றான். கடைக்கு வந்தவர் டிஸ்டெம்பர் கேட்டுக்கொண்டு நிற்பார். இவன் தலை நிமிராமல் போனில் லென்ஸ் விமரிசனம் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியாக வாங்கிய கேமராவோடு வந்த சின்ன லென்ஸை "டப்பா" என்று தள்ளிவிட்டு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் ஒன்றை முழங்கை நீளத்துக்கு வாங்கினான். எதற்கு? வீட்டு மாடியிலிருந்து ராஜகிரி உச்சியை எடுப்பதற்கு. எடுத்தான். கோட்டைச் சுவரில் விரிசல் தெரிகிறது பார் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினான். மலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. காபி கொடுத்த வீடாயிற்றே.

ரஞ்சனி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். குவைத்தில் லாரி ஓட்டும் அவள் அண்ணன் குரு, தன் மகள் பிரீத்திக்குக் காது குத்த வந்திருந்தான். பிள்ளை பிறந்தபின் அவன் வருவது இதுதான் முதல் தடவை. காது குத்தும் அன்று சாயங்காலமே திரும்ப வேண்டும். "எம் மடியில வெச்சிக் குத்தும்போது ஒரு போட்டோ எடுத்துக் குடும்மா. ரூம்ல மாட்டி வெச்சிக்கிறேன்" என்றிருந்தான்.

ஸ்டுடியோ ஆனந்தராஜைக் கூப்பிடலாம் என்றாள் ரஞ்சனி. சிவசங்கர் குதித்தான். "நான் இருக்கும்போது அவனா? அவன் எடுத்தா மூக்கு கத்திரிக்கா மாதிரி வரும்."

குலதெய்வக் கோயில் சிங்கவரம் ரோட்டில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. போனதும் சிவசங்கர் சட்டம் போட்டான். "யாரும் போனத் தூக்காதீங்க. படத்துல கையா வந்து விழும்." வீட்டு மாப்பிள்ளை சொல்லிவிட்டார், அதற்கு மேல் யார் பேசுவது? எல்லாப் போன்களும் பைக்குள் போயின.

தாய்மாமன் இல்லாத பிள்ளை என்பதால், குருவே நீலச் சட்டையோடு சம்மணமிட்டு உட்கார்ந்து பிரீத்தியை மடியில் வைத்துக்கொண்டான். சிவசங்கர் லென்ஸைத் தூக்கினான். பாதி மீசைதான் தெரிந்தது. பின்னால் நகர்ந்தான். ஒரு காதும் பாதி மீசையும் தெரிந்தன. கொட்டகையை விட்டே வெளியேறி, செடிகளை மிதித்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினான். அதற்குள் பெண்கள் பிள்ளையைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"இருங்க பத்தரே!" என்று கொல்லையிலிருந்து கத்தினான்.

பத்தர் கன்னியப்பன் ஊசியை எடுத்துவிட்டிருந்தார். "ராகு காலம் வந்துடும் தம்பி. நீ அங்க இன்னா பண்ற?" என்று சொல்லிக்கொண்டே குத்தினார். பிள்ளை வீறிட்டது. அதன் வாயில் சர்க்கரை போட ரஞ்சனியின் அமிர்தவல்லி அத்தை எழுந்தாள். கேமரா படபடவென்று அடித்தது. மற்றக் காதும் முடிந்தது.

ரஞ்சனி ஓடிவந்து பார்த்தாள். படம் முழுக்க அத்தையின் கொண்டை.

"எங்க அண்ணன் எங்கங்க?"

"பின்னாடி நீலமா இருக்குது பாரு, அதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பூவப் பாரு. ஒவ்வொரு காம்பும் இன்னா ஷார்ப்பா இருக்குது! கொட்டாய் சின்னது, நான் இன்னா பண்றது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரஞ்சனிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுபடி மடியில் உட்கார வைத்து எடுக்கலாம் என்றார்கள். வலி கண்ட பிள்ளை அந்த நீலச் சட்டையைக் கண்டாலே அலறியது. குரு எட்ட நின்று கையைப் பிசைந்துகொண்டான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்தான், அழுது களைத்துத் தூங்கிய பிரீத்தியை அவன் தோளில் வாங்க முடிந்தது. ரஞ்சனி தன் போனை அத்தையிடம் கொடுத்தாள். "அத்தே, சீக்கிரம் எடு."

"எதிர்வெயிலு, மூஞ்சி கருத்துடும்" என்றான் சிவசங்கர். யாரும் திரும்பவில்லை.

முகம் கருத்துத்தான் போயிருந்தது. ஓரத்தில் அத்தையின் விரல்கூட விழுந்திருந்தது. குரு அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பஸ் கிளம்பியதும் சிவசங்கர் கையை நீட்டினான். "குடு, கொஞ்சம் வெளிச்சம் ஏத்தித் தரேன்."

ரஞ்சனி போனை மடியில் செருகிக்கொண்டாள். "வேணாம். நீங்க தொட்டா, இதுலயும் எங்க அண்ணன் காணாமப் போயிடுவாரு."