சகலையின் ஸ்டாண்டில் என் சக்கரம்

பைக் சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி. அதில் ஒன்று முறுக்கிக்கொண்டாலும் மொத்தச் சக்கரமும் ஆடும். ரிம், கம்பி, பிரேக் டிரம் ஹப் மூன்றையும் ஜோடி சேர்த்துக் கட்டிப் பெண்டு எடுப்பதுதான் நெய்வேலியில் என் பிழைப்பு. உங்களில் சகலை வாய்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியாது.

இருந்தது ஒரே ஒரு வித்தை

என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர் குணசேகரன். மைன்ஸில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ், கம்பெனி பஸ், தோட்டத்தில் முருங்கை, எல்லாம் உண்டு. மாமனார் வீட்டில் அவருக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். சக்கரம் என்று பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அதையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். போனில் நாலு வீடியோ பார்த்தார். பழைய சைக்கிள் ஃபோர்க்கைத் தலைகீழாக நட்டு ஸ்டாண்டு செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்குப் பெண்டு எடுத்தே விட்டார். போய்ப் பார்த்தேன். சுற்றிவிட்டால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அதில் ஒரு குறை கிடைக்காதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். என் மனைவி சொன்னாள்: "குணா மாமா ஷிஃப்ட் முடிஞ்சி வந்து பொழுதுபோக்குக்குச் செய்யறதே இப்படி இருக்குது. நீங்க காலைலருந்து இதையே தான பண்ணிக்கினு இருக்கீங்க?"

வழி கேட்டவர்

வடலூர்க்காரர் ஒருவர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் போர்டுக்கு நேர் கீழே நின்று, மைன்ஸ்காரர் ஒருத்தர் பெண்டு எடுக்கிறாரே, அவர் குவார்ட்டர்ஸ் எந்த பிளாக் என்று என்னிடமே கேட்டார். சொல்லவே கூசுகிறது. வேறு பிளாக்கைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அதே சக்கரத்தோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "டிரம் ஹப்புன்னா உங்க கைதான் சரியா வரும்னு அவரே அனுப்பினாருங்க. ஆனா நீங்க சொன்ன பிளாக்குல அவர் இல்லீங்க."

மாமனாரின் முன்சக்கரம்

மாமனார் வண்டியின் முன் ரிம் பள்ளத்தில் விழுந்து நெளிந்துவிட்டது. எந்த மருமகனிடம் கொடுப்பார் என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம்தான் கொடுத்தார்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து சகலை என் கடை வழியாகத்தான் போவார். அவர் கண்ணெதிரே சக்கரம் சுற்ற வேண்டும் என்று வெறி எனக்கு. அந்த ஹப்பில் டிரம் பக்கம் பெரிது, அங்கே குட்டைக் கம்பி. எதிர்ப்பக்கம் நெட்டைக் கம்பி. அவசரத்தில் இரண்டு கட்டுக் கம்பியையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டேன். நாலு நெட்டைக் கம்பி டிரம் பக்கம் போய்விட்டது. ரிம்முக்குள்ளே டியூப் பக்கம் நீட்டும் முனையை அரம் போட்டுத் தேய்க்கவும் இல்லை. சகலை வந்தார், பார்த்தார், "நல்லா வந்திருக்குது சகலை" என்றார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வரும்போது மாமனாருக்கு டியூப் கிழிந்தது. நல்லவேளை, விழவில்லை. வண்டியை நேராக சகலை வீட்டுக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். விஷயம் தெரிந்து நான் ஓடினேன். சகலையின் ஸ்டாண்டில் என் சக்கரம். அந்த நாலு கம்பியும் தனியே தரையில் கிடந்தன. யார் பார்த்தாலும் யார் தப்பு என்று தெரியும். இனி ஸ்டூலும் இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். சகலை தலையை நிமிர்த்தவில்லை.

மாமனார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "கம்பி விக்கறவன் நாலு கம்பிய மாத்திக் குடுத்துட்டானாமே. நீங்க இன்னா பண்ணுவீங்க மாப்ள? குணா எல்லாம் சொன்னாரு."

வேலை நன்றாகச் செய்தார் என்பதையாவது ஒரு நாள் மன்னித்துவிடுவேன். மனுஷனும் நல்லவராக இருப்பதைத்தான், வாசகர்களே, என்னால் தாங்கவே முடியவில்லை.