மேஸ்திரிக்கு அடித்த மணி

நான் ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளியில் மதிய இடைவேளை. அம்மா போன் செய்தாள். "உங்க நைனா நாஷ்டா துன்னுட்டு படுத்தாரு. எய்ப்பிக்கினே கீறேன், எயுந்துக்க மாட்டேன்றாரு. நீ வந்து எய்ப்பு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள். குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. செங்கல்பட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே நைனா போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உத்திரமேரூர் வரும்வரை அம்மாவுக்கு அது தெரியாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

என் நைனா கன்னியப்பன் மேஸ்திரியை உங்களில் பலருக்குத் தெரியும். பெருநகர் கிராமத்துக்குப் போகிற சாலையில் எத்தனையோ வீடுகளுக்குக் கடைக்கால் போட்டவர். உங்கள் வீட்டு வேலை நடந்தபோது ஒருநாளாவது கோபித்துக்கொண்டு கரணையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். மறுநாள் காலை எதுவும் நடக்காதது போல வந்து டீ கேட்டிருப்பார். முழங்கால் தேய்ந்து சாரத்தில் ஏற முடியாமல் போன பிறகுதான் வேலையை விட்டார். அதன் பிறகும் வழியில் யார் வீடு கட்டினாலும் நின்று, "கலவை தண்ணியா கீதுபா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முறைப்பதற்குள் நடையைக் கட்டுவார். அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களும் சாவுக்கு வந்திருந்தார்கள்.

எங்கள் காலனித் தெருவின் மேற்கு முனையில் மாரியம்மன் கோயில், கிழக்கு முனையில் சர்ச். நைனா மேற்கு, அம்மா எஸ்தர் கிழக்கு. இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. கல்யாணத்தோடு ஒருவர் மற்றவர் பக்கம் போய்விடுவார், அவ்வளவுதான். இவர்கள் இருவருமே போகவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்கு அம்மாதான் கூழ் காய்ச்சுவாள். குங்குமம் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நைனா அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை சர்ச்சுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொல்லி வந்த பாதர்கள் எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். "எங்கம்மா மாரியாத்தாளுக்கு நேந்துக்கினு பெத்த புள்ள சாமி நானு. இப்ப மாறுனா அந்தக் கெயவி செத்தும் என்ன வுட மாட்டா" என்று சொல்லிச் சிரிப்பார். பாதர்களும் சிரித்துவிடுவார்கள். அம்மா மட்டும் சிரித்ததில்லை.

ஆனால் கல்லறைத் திருநாள் வருகிறதென்றால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. முந்தைய வாரமே சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். முதலில் அம்மாவைப் பெற்றவர்களின் கல்லறை. பிறகு பக்கத்துக் கல்லறை. பிறகு வந்து பார்க்க ஆளில்லாதவர்களின் கல்லறைகள். விரிசலுக்கு சிமெண்ட் பூசி, வெள்ளை அடித்து, சிலுவையின் கையொடிந்திருந்தால் ஒட்டவைத்துவிட்டு வருவார். "காலு வலிக்குதுன்னு ராத்திரி பொலம்பறது, பகல்ல போயி குந்திக்கினு பூசறது" என்று அம்மா திட்டினால், "செத்தவங்க வூடுமே அது. ஒயுகாம இருக்க வாணாமா?" என்பார்.

அதனால் நடந்த தவறு இது. அக்கம்பக்கத்தார் சொல்லி அவர் போன செய்தி கேட்டதும் சர்ச் உபதேசியார் யாரையும் கேட்காமல் சாவு மணியை அடித்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்த நேரம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா நைனாவின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. "கேட்டியா? அவருக்குத்தான் அடிக்கிறாங்க. அங்க வெச்சிட்டா நான் நெனச்சப்ப போயி பாத்துக்குவேன்" என்றாள். எங்கள் காலனிச் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே கல்லும் வைப்பதில்லை. இரண்டு மழை பெய்தால் புதைத்த மேடு கரைந்து, யார் எங்கே கிடக்கிறார் என்று தெரியாமல் போய்விடும். அம்மாவுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

சர்ச் கமிட்டியிலிருந்து சிலர் வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. தெரு வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். "தப்பா நெனச்சிக்காதக்கா. அவரு ஞானஸ்நானம் எடுக்கல. நம்ம தோட்டத்துல வெக்கிற வயக்கம் இல்ல. மணி அடிச்சது தவறிப் பூடுச்சி" என்றார் ஒருவர். உபதேசியார் பின்னால் நின்று, "நம்ம ஆளுன்னுதாங்க நெனச்சேன். வருசா வருசம் அங்கதானே பாப்பேன்" என்று முனகினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அடித்த மணியை எப்படித் திருப்பி வாங்குவீர்கள் என்று கேட்டேன். நைனாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, அழுது வீங்கிய கண்களோடு எழுந்து வந்தார். "என் தம்பிய நடுவுல போட்டுக்கினு இன்னா பஞ்சாயத்து? மோளம் சொல்லியாச்சி. எங்கப்பன் போன எடத்துக்கே அவனும் போவட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

என் தம்பி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, பாடை சுடுகாட்டுக்குக் கிளம்பியது. தெரு முனையில் பெண்கள் நின்றுவிட வேண்டும், எல்லோரும் நின்றார்கள். அம்மா நிற்கவில்லை. பெரியப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, "எஸ்தரு, நில்லு. பொம்பளைங்க வர்ற எடமில்ல" என்றார். மேளம் நின்றுவிட்டது.

"எங்க பக்கம் பொண்டாட்டி குழி வரிக்கும் போவா மாமா. அங்கதான் வாணான்னுட்டாங்க. இங்கியும் வாணாம்னா நான் எங்கதான் போறது?" என்றாள் அம்மா.

பெரியப்பா மேளக்காரர்களைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு முன்னால் நடந்தார். அம்மா பின்னால் நடந்தாள். நானும் கூடப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குழியில் மூன்று பிடி மண் போட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் சட்டென்று நின்றாள். "நான் பூட்டா என்ன எங்க வெப்பீங்க?" என்று கேட்டாள். இப்போது எதற்கம்மா அந்தப் பேச்சு என்றேன். "சர்ச்சுல எங்கம்மா பக்கத்துல எனக்கு எடம் கீது. எனக்கு அது வாணாம். இங்கியே, அவரு பக்கத்துலியே கொண்டாந்து வெச்சிடு" என்றாள்.

நான் சரி என்றுவிட்டேன். சொல்வது சுலபம். அவள் எங்கள் பிள்ளை, தர மாட்டோம் என்று சர்ச்சில் சொல்வார்கள். சிலுவை போட்டவளை இங்கே கொண்டுவராதே என்று மேற்கு முனையில் சொல்வார்கள். தம்பி இப்போதே, "அம்மா எதுனா சொல்லும், நீ தலையாட்டாத" என்கிறான். இந்தச் சண்டையை நைனா சிரித்துச் சிரித்தே காலமெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டார். எனக்கு அவர் அளவுக்குச் சிரிக்க வராது.

அவருடைய கரணையும் ரசமட்டமும் தம்பியிடம் இருக்கின்றன. நான் எதுவும் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் சுடுகாட்டுக்குப் போகிறேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும். மேட்டின் வலப்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். காலனியில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் எனக்கு அந்த இடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஐயோ, அங்கே வைத்துவிடுவார்களோ என்றுதான் பதறுகிறேன். இது எவ்வளவு அசிங்கமான நினைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் நைனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: அவர் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம்.