அக்கா போன வழியில் பாஸ் வாசித்தேன்

பினாங்கில் ஒரு ஹோட்டல் தோட்டம். வெயில் இன்னும் இறங்காத மாலை ஐந்து மணி. அக்கா பியானோவில் இருந்தாள். அவளுக்கு வலப்பக்கம், என்னைவிட உயரமான பாஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான். எங்களுக்குப் பின்னால் பெண்டாங்கைச் சேர்ந்த மலாய் நண்பர், எங்கள் டிரம்மர். வாசித்துக்கொண்டிருந்தது அக்காவே இசையமைத்த பாட்டு. இருபது வருடமாக வாசித்து வருவது. அதற்கு நான்கு பகுதிகள். முதல் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மூன்றாவது வேறு பக்கம் போகும், நான்காவதில் திரும்பி வந்துவிடும். அன்று இரண்டாவதை முடித்த அக்கா மூன்றாவதற்குள் போகாமல், எங்கள் யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் கை வைத்தாள். கண் இமைக்கும் நேரத்தில் என் விரல்கள் அவள் கைக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டன. டிரம்மரும் வந்துவிட்டார். மேசைகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பாட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் பாட்டை உள்ளபடி வாசிப்போம். பிறகு ஒவ்வொருவரும் அதை வைத்துக்கொண்டு மனம் போன போக்கில் போவோம். கடைசியில் எல்லோரும் பாட்டுக்குத் திரும்புவோம். அப்படிப் போகிறவர் வழி தவறினால் பாஸ் வாசிப்பவன் உடனே கீழ் சுரத்தை மாற்றி, அவர் மிதித்த இடத்தையே சரியான இடமாக்கிவிட வேண்டும். கேட்பவருக்கு அது தவறாகவே தெரியாது. புதிதாக ஏதோ செய்கிறார்கள் என்று நினைப்பார். இது எங்கள் தொழில் தர்மம். கூட இருப்பவரை மேடையில் தனியாக விடக்கூடாது. இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர்தான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது.

எங்கள் அப்பா பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டியவர். அக்கா முதன்முதலில் வாசித்தது தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவின் கீபோர்டில். அதில் இரண்டு கட்டைகள் வேலை செய்யாது. அவற்றைத் தொடாமலே எந்தப் பாட்டையும் வாசித்துவிடுவாள். பள்ளி முடித்ததும் சுங்கை பட்டாணியில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் இன்னிசைக் குழுவில் சேர்ந்தாள். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டால் மற்ற கீபோர்டுக்காரர்கள் சுருதி மாற்றும் பட்டனைத் தட்டிவிட்டு வாசிப்பார்கள். அக்கா பட்டனைத் தொட மாட்டாள். கையை நகர்த்தி வேறு சுருதியில் அதே பாட்டை வாசிப்பாள். “பட்டன் எதுக்குடா இருக்கு? சோம்பேறிங்களுக்கு” என்பாள். அந்த வீம்புதான் பிற்பாடு பினாங்கு ஹோட்டலில் பியானோவுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தது. அங்கே வந்துபோன இசைக்காரர்களிடம் ஜாஸைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள். அடுத்து கோலாலம்பூர். நாட்டிய நாடகத்துக்கு இசை, டிவி தொடருக்கு இசை, உறுமி மேளத்தோடு பியானோ, நாற்பது வயலின்களோடு பியானோ என்று அவள் தொடாத பக்கம் இல்லை. கல்யாணக் குழுவிலிருந்தே நானும் அவள் கூடவே இருந்தேன். ஜப்பான்வரை போய் வாசித்தோம். எங்கள் அத்தை மட்டும் ரொம்ப நாள் மசியவில்லை. “நல்லாத்தான் ஆரம்பிக்கிற. நடுவுல எங்கம்மா போயிடற?” என்று கேட்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போட்ட பிறகு நாங்கள் பாடாங் செராயில் ஒரு தரைவீட்டுக்கு வந்துவிட்டோம். சில வருடங்களில் அப்பா விடியற்காலையில் எழுந்து, பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கிராணி, அதாவது கணக்கர், பெயர் கூப்பிடுவாரே, அதுதான் பெரட்டு. அது நடந்த இடத்தில் இப்போது டயர் கடை இருக்கிறது. மூடிய கடைக்கு முன்னால் நின்று, தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று அவர் காத்திருப்பார். அக்கம்பக்கம் கேட்டால், வாக்கிங் போகிறார் என்று அம்மா சொல்லுவார். அதையே மூன்று வருடம் சொல்லிச் சமாளித்தார். மூடி மறைப்பது எங்கள் குடும்பத்தில் கைவந்த கலை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “தம்பி, எனக்கு இந்த மாதிரி வந்துச்சுன்னா நீதான் முதல்ல கண்டுபிடிப்ப. பக்கத்துலயே நின்னு வாசிக்கிற. மூஞ்சிக்கு நேரா சொல்லிடு லா. அம்மா மாதிரி மறைக்காத.”

“உனக்கெல்லாம் வராதுக்கா.”

“வந்தா சொல்லுவியா மாட்டியா?”

“சொல்றேன்.”

அப்பா போன துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

பினாங்கு நிகழ்ச்சிக்குப் பிறகு நான் நிம்மதியாக வாசித்த நாள் இல்லை. களைப்பு, கண்ணாடி மாற்ற வேண்டும், சரியான தூக்கமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அப்போது அக்கா கோலாலம்பூரை விட்டு சுங்கை பட்டாணிக்கே வந்துவிட்டிருந்தாள். ஒத்திகைக்கு வாரம் ஒருமுறை பெண்டாங் போவோம்; டிரம்மரின் வீட்டைச் சுற்றி நெல் வயல், எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆள் கிடையாது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அக்கா எங்காவது ஓர் இடத்தில் மூன்றாம் பகுதியை விட்டுவிடுவாள், அல்லது இரண்டுமுறை வாசித்துவிடுவாள். நான் போய் ஏந்திக்கொள்வேன். டிரம்மருக்கு உற்சாகம் தாங்காது. “பகுஸ் லா, காக்!”, பிரமாதம் அக்கா என்று மலாயில் கத்துவார். அவருக்கு அது அக்காவின் புதிய பாணி. அவள் என்ன வாசிக்கப் போகிறாள் என்று நான் காது கொடுத்துக் கேட்ட காலம் போய், எங்கே விழப்போகிறாள் என்று காத்து நிற்பவனாகிவிட்டேன். கை வேர்த்துக் கம்பி வழுக்கும். துண்டால் துடைத்துக்கொண்டு வாசிப்பேன்.

ஒருநாள் பெண்டாங்கிலிருந்து திரும்பும்போது அக்காதான் காடி ஓட்டினாள். நண்பகல் வெயில். பாதி வழி வந்ததும் சாலையோரம் நிறுத்திவிட்டு, “நீ ஓட்டுடா. தூக்கமா வருது” என்றாள். அவள் கண்ணில் தூக்கமே இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தன. அந்தச் சாலையில் கல்யாணங்களுக்கு வாசிக்கப் போன காலத்திலிருந்து நாங்கள் எத்தனை தடவை போய் வந்திருப்போம் என்று கணக்கே கிடையாது. சுங்கை பட்டாணிக்கு நேராகப் போக வேண்டியதுதான். நான் இறங்கி அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்தேன். “தண்ணி குடிக்கிறியாக்கா?” என்றுதான் கேட்க முடிந்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு ரெக்கார்டு போட்டோம். அப்பாவை நினைத்து அக்கா இசையமைத்தது. பெயரும் ‘பெரட்டு’தான். பியானோ பெயர் கூப்பிடும், டிரம் பதில் சொல்லும், பாஸ் விடியற்காலை நடையாக அடியில் வந்துகொண்டே இருக்கும். மூன்று நாளில் பதிவு முடிந்தது. அந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுதி வைத்ததை விட்டு அவள் விலகிய இடங்களில் எல்லாம் நான் கூடவே போனேன். நிறுத்தி, இன்னொருமுறை வாசிக்கலாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே! அந்தக் கேள்விக்குப் பயந்தே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். ரெக்கார்டு வெளிவந்தது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு துணிச்சலாக எதையும் செய்ததில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதை வெட்டி எடுத்து பியானோவுக்கு மேல் ஒட்டி வைத்தாள். “ஐம்பத்தஞ்சு வயசுல எனக்குத் துணிச்சல் வந்திருக்காம்டா!” என்று சிறுபிள்ளையாகக் குதித்தாள். இனி சொல்லவே முடியாது என்று எனக்கு அப்போது தோன்றிவிட்டது.

பாடாங் செராய் மண்டபத்தில் ‘பெரட்டு’ வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை. தோட்டத்து ஆட்கள் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். பெயர் கூப்பிடும் பகுதி வந்தது. எட்டுப் பெயர் கூப்பிட்டதும் பாட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அக்கா எட்டையும் கூப்பிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கூடப் போனேன். இன்னொரு சுற்று. அதற்கும் போனேன். நான்காவது, ஐந்தாவது. கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. ஆறாவது சுற்றில் அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இதற்கு முன்னால் ஒரே ஒருவர் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். டயர் கடை வாசலிலிருந்து அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வருவேனே, அப்போது. வெளியே வரும் வழி அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நான் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

என் வாழ்நாளில் மேடையில் அவளைத் தனியாக விட்டது அன்றுதான். கீழே பாஸ் இல்லாமல் போனதும் பியானோ இரண்டு பெயர் மட்டும் கூப்பிட்டுவிட்டு நின்றது. டிரம்மர் குச்சிகளை அந்தரத்தில் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். அத்தை மேடைக்கே ஏறி வந்து அக்காவின் கன்னத்தைத் தடவினார். “இன்னிக்குத்தாம்மா எனக்கு உன் பாட்டு புரிஞ்சது. கிராணி விடாம பேர் கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு” என்றார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்துவிட்டது.

காடியில் ஏறியதும் கேட்டாள். “எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“சொல்றேன்னு சொன்னியேடா.”

“பயமா இருந்துச்சுக்கா.”

வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சுங்கை பட்டாணி நெருங்கும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. “ரெக்கார்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

பின்னால் என்று சொல்லியிருக்கலாம். என்ன கெட்டுப்போயிருக்கும்? ஆனால் அன்றைக்குத்தான் உண்மை பேசுவது என்று முடிவெடுத்திருந்தேன், மடையன். “முன்னால” என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால், பியானோவுக்கு மேல் ஒட்டியிருந்த காகிதம் இல்லை.

டாக்டரிடம் போனோம். மறதி நோய்தான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முன்பே வந்திருந்தால் முன்பே ஆரம்பித்திருக்கலாம் என்றார் டாக்டர். பொதுவாகத்தான் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இப்போது அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், நடக்கிறாள், என் பேத்திக்குச் சட்டை மாட்டிவிடுகிறாள். எங்களை எல்லாம் அடையாளம் தெரிகிறது. மத்தியானம் மூன்று மணியானால் அந்த ரெக்கார்டைப் போடச் சொல்வாள். கேட்டுக்கொண்டே வந்து, திடீரென்று கையைக் காட்டி நிறுத்தச் சொல்வாள். “இது நானா, அதுவா?” என்பாள். அது என்று அவள் சொல்வது நோயைத்தான். “நீதான்க்கா” என்பேன். பல இடங்களில் அது பொய். சில இடங்களில் எனக்கே தெரியாது. கூடவே போய்ப் போய் எது அவள் வழி, எது தவறிய வழி என்று பிரிக்கத் தெரியாதவனாகிவிட்டேன். மூன்று மணி நெருங்கினாலே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. ஆனாலும் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன்.

போன வியாழக்கிழமை அவள் நிறுத்தச் சொன்னது வேறோர் இடம். அங்கே இடது கை முழுவதுமாக நின்றுவிடும். வலது கை ஒரே ஒரு பெயரைக் கூப்பிடும். டிரம் பதில் சொல்லாது. மறுபடி கூப்பிடும். அப்போதும் பதில் வராது. பதிவுக்கு முந்தைய வாரம் முழுக்க உட்கார்ந்து அக்கா அதை எழுதினாள். நான்கு தடவை கிழித்துப் போட்டாள். ஐந்தாவது தடவை எழுதியதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். நான் வேலைக்குப் போகிற வழியில் காடியை ஓரம்கட்டிவிட்டு அழுதேன். அந்த ரெக்கார்டில் இது அவளுடையதுதான் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய இடம் அது.

“இங்கதான் நான் தொலைஞ்சு போனேன், இல்ல?” என்றாள்.

“இல்லக்கா. இது நீ எழுதினது. ஒரு வாரம் உக்காந்து எழுதின. நீ எழுதின தாளே என்கிட்ட இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?”

நான் எழுந்துவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“நீ எப்பவும் என் பின்னாலயே வர்றவன்டா தம்பி. உன்ன எப்படி நான் நம்புறது?”