நாத்தனாரோடு டிவி வாங்கப் போனேன்

கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் சட்டையை வைத்துத்தான் காரியம் செய்தோம். பழைய டிவியும் பழுதாகிவிட்டது. இன்று நாத்தனாரோடு ராயபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

விலை குறைந்த சின்ன டிவி போதும் என்றேன்.

விற்கிறவர் விடவில்லை. விலை கூடிய பெரியதைப் போட்டுக் காட்டினார். அதில் கடல் ஓடியது.

"பாரும்மா, தண்ணிக்குள்ள கீற மீனோட செதில்கூட தெரியுது."

நாத்தனார் சிரித்தாள். "பெரிசே வாங்கு அண்ணி. எங்கண்ணன் எங்கனா கீறானானு தேடலாம்."

விற்கிறவர் பெரிய டிவியை அணைத்தார்.

"சின்னதையே கட்டுங்கண்ணா," என்றேன். "செத்துத்தான் இவகிட்டேர்ந்து தப்பிச்சாரு. திரும்பவும் இவ கண்ணுல படவேணாம்."

பஸ்ஸில் அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சீரியல் பார்க்க வந்து நிற்பாள். கதவைத் திறக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.