கை நனைத்த பிறகு

எங்கள் வீட்டுக்காரர், அதாவது என் புருசன், படியில் தவறி விழுந்ததால் தோள் எலும்பு முறிந்தது என்றுதான் பலேர்மோ ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பொய். அவரே சொன்ன பொய். எலும்பு முறிந்தது எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் ஆட்டிறைச்சிக் கறி பரிமாறிய கையோடு. மேல்வீட்டுப் பெண்ணுக்கு அன்றைக்கு இரண்டு பல் போனது. பல்லோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிய தெரு ஒன்றில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். நான் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், இத்தாலிய எசமானியம்மாவிடம், வேலை செய்தேன். எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கினார். மேல்வீட்டுக்காரனும் அவரோடுதான் வேலை. அவன் கொங்கோ நாட்டவன், மனைவி ருவாண்டாக்காரி. இரண்டு பேருடைய ஊரும் ஒரே ஏரிக்கரையில்தான் இருந்ததாம். நடுவில் ஒரு தடுப்புக் கம்பம், இரண்டு பக்கமும் இரண்டு கொடி. காலையில் இவள் அவரைக்காய்க் கூடையோடு கம்பத்தைத் தாண்டி வந்து விற்றுவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போவாளாம். அப்படி வந்து போனதில்தான் கலியாணம்.

எங்கள் நாலு பேருக்கும், அங்கே வந்துபோகிறவர்களுக்கும் பொதுவாக இருந்தது வேலைத்தளத்தில் பொறுக்கிய இத்தாலிய மொழி. அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது, ஆகவே என் தமிழிலேயே எழுதுகிறேன். அவள் என்னைச் 'சோரெல்லா' என்று கூப்பிடுவாள். சகோதரி என்று அர்த்தம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர் இருந்தும் அவளிடம்தான் மனம்விட்டுக் கதைப்பேன்.

ஞாயிறு என்றால் துறைமுகத்தில் கூட வேலை செய்கிற கொங்கோக்காரர் மூன்று பேர் அங்கே சாப்பிட வருவார்கள். மூத்தவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தாடிக்காரன். இந்த அடிதடிக்கு முதல் வருடம் அவர்களுடைய நாட்டில் பழைய சனாதிபதியைத் துரத்தியபோது, துரத்தியவர்களுக்குத் துணையாக வந்தது ருவாண்டாப் படை. அன்றைக்கு மேல்வீட்டில் ஒரே ஆட்டம். அவளைக் கதிரையோடு தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். எங்கள் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் சோற்றுப் பானைக்குள் விழுந்தது. ஏசுவதற்கென்றுதான் மேலே போனேன். தாடிக்காரன் என் கையில் மீன் பொரியல் தட்டைத் திணித்துவிட்டு, "இவளின்ரை நாட்டுப் பெடியள்தான் எங்களைக் காப்பாத்தினவங்கள்" என்றான். அவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள். நானும் ஏச வந்ததை மறந்து சாப்பிட்டேன்.

அந்த உறவு ஒரு வருடம் போல நின்றது. அடுத்த கோடையில் புதிய சனாதிபதி, தன்னைத் தூக்கிவைத்த அதே ருவாண்டாப் படையைப் பார்த்து, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்றார். போனவர்கள் சும்மா போகவில்லை. கிழக்கு எல்லையில் புதிய சண்டை தொடங்கியது. ருவாண்டாவோடு உகண்டாவும் சேர்ந்தது. கொங்கோவுக்காக அங்கோலாவும் சிம்பாப்வேயும் படை அனுப்பின. மேல்வீட்டு வானொலி பிரெஞ்சில் நாள் முழுக்க அலறிக்கொண்டிருந்தது. தலைநகரில் ருவாண்டாச் சாயல் உள்ளவர்களை வீடு வீடாகத் தேடி இழுத்து, அடித்து, சிலரை உயிரோடு எரித்தார்கள் என்று அவள் எங்கள் குசினியில் வந்து நின்று சொன்னாள். "மூக்கைப் பாத்து இழுக்கிறாங்களாம், சோரெல்லா." கொழும்பில் பெயரைக் கேட்டு இழுத்ததைக் கண்டவள் நான். எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பகையான வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். சோறு என்ன, பச்சைத் தண்ணீரும் வாங்க மாட்டோம். ஒருவன் வந்து கை நனைத்துவிட்டானா, பகை அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டாருக்குக் கை நீட்டுகிறவனை ஒருவரும் மனுசனாக மதிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஊரில் கோயில் சபையில் இருந்தவர். வேலிச் சண்டை, வலைச் சண்டை, கலியாணம் குழம்பிய சண்டை எல்லாவற்றையும் ஒரு சட்டி கறியோடு தீர்த்து வைத்ததாக அவருக்குப் பெரிய புளுகமும் பெருமையும். நான் அவரைத் 'தூதுவர்' என்றுதான் கூப்பிடுவேன். அது நக்கல் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த ஞாயிறு, மொண்டெல்லோவில் சிஞ்ஞோராவின் கோடை வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கிய எலுமிச்சம்பழங்களை அவளுக்குக் கொடுக்கப் போனேன். மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். மரவள்ளி இலை கிடைக்காததால் அவள் கீரையை மர உரலில் இடித்துச் சமைத்திருந்தாள். மீனும் களியும் ஆறிப்போய்க் கிடந்தன. ஒருவரும் தொடவில்லை. அவள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். ஒருவரும் கிளாசை நீட்டவில்லை.

தாடிக்காரன் அவளைப் பாராமல் மேசையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தான். ருவாண்டாப் பக்கத்துச் சண்டைக்காரர் அணைக்கட்டைப் பிடித்துத் தலைநகருக்கு மின்சாரத்தை வெட்டியிருந்தார்கள். அவனுடைய தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் சூட்டுப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

"கரண்ட் நிண்டுது, பிள்ளையும் குளிர்ந்து போச்சுது," என்றான். "நிப்பாட்டினது இவளின்ரை ஆக்கள்."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. பழங்களைப் படியில் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, மேலை ஒருத்தரும் கை நனைக்கேல்லை. தண்ணியும் வாங்கேல்லை. பொலிசுக்குப் போன் அடிப்பமோ?"

"விசர்க் கதை கதையாதையும்," என்றார். "பொலிஸ் வந்தா முதல்லை பெர்மெஸோவைத்தான் கேக்கும். அவளின்ரை முடிஞ்சு கிடக்கு, எங்கடையும் இன்னும் வரேல்லை. நான் பாத்துக்கொள்ளுறன். அந்தக் கறிச்சட்டியை எடும்."

பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாமல் பிடிபட்டால் நாட்டைவிட்டு ஏற்றிவிடுவார்கள். அந்த ஒரு பயத்தில்தான் நான் வாயை மூடினேன். அவர் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் சோற்றோடு பின்னால் போனேன்.

மனுசன் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். உள்ளே போனதும் யாருடைய முகத்தையும் பாராமல் நேரே மேசைக்குப் போனார். "முதல்லை சாப்பாடு, பிறகு நாடு," என்று சொல்லித் தாடிக்காரனின் தட்டில் தன் கையாலேயே சோறும் கறியும் வைத்தார். துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை சுமக்கிறவர், வயதுக்கு மூத்தவர். அவரை மறுக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். தாடிக்காரன் ஒரு வாய் வைத்தான். மற்ற இரண்டு பேரும் வைத்தார்கள். உறைப்பில் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. இளையவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கவும் செய்தான். மேல்வீட்டுக்காரன் பல்கனிக் கதவடியில் நின்று வைன் ஊற்றினான். அவள் மூச்சை விட்டாள், அது எனக்குக் கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "இனிப் பயமில்லை. கை நனைச்சிட்டாங்கள்."

நானும் நம்பினேன். கை கழுவ அவள் பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள், தோளில் துவாய். தாடிக்காரன் ஆறுதலாகக் கழுவினான். விரல் விரலாகத் துடைத்தான். துவாயை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு அதே கையால் அவள் வாயில் குத்தினான்.

அவள் அடுப்போடு அடிபட்டு விழுந்தாள். பேசின் உருண்டது. இரண்டாமவன் எழும்பி வந்து வயிற்றில் உதைத்தான், பிறகு முதுகில், பிறகு எங்கே படுகிறது என்று பாராமல். சப்பாத்துக் காலால் உதைத்தான். ஈரத் தரையில் இரத்தம் விரைவாகப் பரவியது. எங்கள் வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். பாய்ந்தவர் அடிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. "டேய், சாப்பிட்டனியடா! இப்பத்தானே சாப்பிட்டனி!" என்று தமிழில் கத்தினார். அந்த ஊரில் அதை விளங்கிக்கொள்ள யார் இருந்தார்கள்? அவரைக் கழுத்துப் பட்டியில் தூக்கிக் கதவு நிலையில் அறைந்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த விறகு முறிகிற சத்தம்தான்.

நான் உலக்கையை எடுத்தேன். கீரை இடிக்கிற சின்ன உலக்கை. இளையவனின் முழங்கையில் போட்டேன், அவன் நாய் மாதிரி ஊளையிட்டான். இன்னொரு அடிக்கு இடம் கிடைத்திருந்தால் மண்டையில்தான் போட்டிருப்பேன். இன்றைக்கும் எனக்கு அதில் வெட்கமில்லை. ஆனால் யாரோ என் தலைமயிரைப் பிடித்து இழுத்து விழுத்திவிட்டார்கள். விழுந்தபோதுதான் அவளுடைய முகம் எனக்கு நேரே தெரிந்தது. தன்னை உதைக்கிறவனை அவள் பார்க்கவில்லை. பல்கனிக் கதவடியில் வைன் கிளாசோடு நின்ற புருசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அசையவில்லை.

தாடிக்காரன் மூச்சிரைத்தபடி அவனிடம் கேட்டான். "நீ ஆர்? எங்கடை ஆளோ, இவளின்ரை புருசனோ?"

அவன் கிளாசை மேசையில் வைத்தான். வந்து குனிந்து அவளின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினான். அப்பாடா, இனியாவது, என்று நினைத்தேன். அவன் அவளை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்ப் படியில் தள்ளினான். எங்கள் வீட்டுக்காரரையும் தள்ளினான். என்னையும் தள்ளினான். கதவைச் சாத்தினான். உள்ளே சாவி திரும்பியது.

எங்கள் வீட்டில் அவளைக் கட்டிலில் இருத்தி உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். இரண்டு பல்லையும் கையில் துப்பினாள். அழவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வெளிறிப்போய் நிலத்தில் இருந்தார். அவருடைய கையை என் பழைய சேலைத் துண்டால் கழுத்தோடு கட்டினேன். "அவங்கள் சாப்பிட்டதை நீர் கண்டனீர்தானே?" என்று கேட்டார். "கண்டனான்," என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. மேலே கதிரைகளை இழுக்கிற சத்தம் கேட்டது.

வெயில் இறங்கமுதல் கதவு தட்டுப்பட்டது. மேல்வீட்டுக்காரன் தனியாக நின்றான். உலக்கை மேலே கிடந்ததே என்று நான் வருந்தினேன். அவன் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து அவளிடம் சொன்னான்.

"நான் உன்னைக் காப்பாத்தினனான். வெளியிலை தள்ளியிராட்டி உன்னை அடிச்சுக் கொன்றிருப்பாங்கள். கதவைப் பூட்டினதும் அவங்கள் உன்னைத் துரத்தி வராமல் இருக்கத்தான்."

இருக்கலாம் என்று பட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவளுக்காக ஆசைப்பட்டேன். ஒருவன் மூன்று பேரோடு தன்னையும் சேர்த்துப் பூட்டிக்கொள்வது லேசான காரியமில்லை.

அவள் துவாயை வாயில் பிடித்தபடி எழும்பி அவனுக்குக் கிட்டப் போனாள். அவன் முகத்தை ஒரு பக்கம் பார்த்தாள், மற்றப் பக்கம் பார்த்தாள். கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"உன்னை அடிச்சவங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

அவன் என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தான். எதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிற மனுசன், அவரும் தரையைப் பார்த்தார். அவன் திரும்பிப் படியேறினான். நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். மேலே போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து யாரோ திறந்துவிட்டார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நாப்போலிக்குக் கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.